சொன்ன சொல் தவறாத கப்பித்தான்

கடல் தூக்கிப் போடும் பிணங்களைப் புதைப்பதுதான் அந்த மடத்தின் முக்கியமான வேலை. ஜெபமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போர்த்துகல் நாட்டின் மேற்குக் கோடியில், கடலைப் பார்த்த ஒரு குன்றின்மேல் அந்த மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்னக் கோயில், ஒழுகுகிற இரண்டு அறைகள், ஒரு கல்லறைத் தோட்டம். கோயிலைவிடக் கல்லறைத் தோட்டம் பெரியது. உடைந்த கப்பல்களின் மாலுமிகளை அலை அந்தக் குன்றின் அடியில்தான் கொண்டுவந்து ஒதுக்கும்.

மடத்துக்குத் தலைவர் அமாரோ சாமி. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவருடைய ஒரே சீடன் பிராஸுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பிராஸின் நரைத்த தாடியைப் பார்த்து அவன் கையைத்தான் முத்தமிடப் போவார்கள். அவன் பதறிப்போய்ச் சாமியைக் காட்டுவான். சாமி அப்போது அநேகமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்.

அது குளிர்காலம். காலையில் ஒரு பிணம் ஒதுங்கியிருந்தது. இருவரும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிராஸ் மண்வெட்டியை நிறுத்தினான்.

"சாமி, ஒன்று கேட்க வேண்டும்."

"தோண்டிக்கொண்டே கேள்."

"ஊரிலிருந்து ஆள் வந்தது. கப்பித்தான் சாகக் கிடக்கிறாராம். என்னைப் பார்க்க வேண்டுமாம்."

எந்தக் கப்பித்தான் என்று சாமி கேட்கவில்லை. கப்பலை நடத்துகிறவர்கள் எல்லோருமே கப்பித்தான்தான். ஆனால் பிராஸுக்கு உலகத்தில் ஒரே ஒரு கப்பித்தான். மடத்துக்கு வந்த மூன்று வருடமாக அவன் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

துவார்த்தே வரேலா என்று பெயர் சொன்னால் அந்தக் காலத்தில் துறைமுகமே எழுந்து நிற்கும். கப்பலுக்குப் பாய் தைக்கிறவரின் மகனாகப் பிறந்து, ராஜா கையால் மூன்று கப்பல்களை வாங்கியவர். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் தெற்கே, இதற்கு மேல் கடல் கொதிக்கும் என்று மற்றவர்கள் பயந்து திரும்பிய இடத்தையும் தாண்டிப் போனவர். கண்ணில் பட்ட நிலமுனைக்கெல்லாம் அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அந்தப் பெயரை வைத்தார். அங்கே குடியிருந்தவர்கள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பார்களே என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. ராஜாவின் பெயர் செதுக்கிய கல்தூண்களை ஊரிலிருந்தே ஏற்றிக்கொண்டு போய், முனைக்கு ஒன்றாக நட்டுவிட்டு வந்தார்.

அந்தக் கப்பல்களில் இன்னொரு சரக்கும் போகும். தூக்குக்குக் குறித்த கைதிகள். முன்பின் தெரியாத கரை வந்தால் முதலில் ஒரு கைதியைத்தான் இறக்கிவிடுவார்கள். அங்கே உள்ளவர்கள் அவனைக் கொன்றால், அந்த இடம் ஆகாது என்று தெரிந்துவிடும். கொல்லாவிட்டால், அவன் அங்கேயே இருந்து அவர்கள் பாஷையைக் கற்றுவைப்பான். அடுத்த தடவை வரும்போது உதவும். மயிரைக் கட்டி மலையை இழுக்கிற கணக்கு. வந்தால் மலை, போனால் மயிர்.

சாராயக் கடைச் சண்டையில் ஒருவனைக் குத்திக் கொன்ற பிராஸ்தான் அந்த மயிர்.

கப்பித்தான் அவனைக் கரையில் இறக்கிவிட்டு, "உயிரோடிரு. பாஷையைக் கற்றுக்கொள். நான் திரும்பி வருவேன், உனக்கு விடுதலை வாங்கித் தருவேன்" என்றார். படகில் இருந்த மாலுமிகள் சிரித்தார்கள். இப்படிச் சொல்லி விட்டுவந்த கைதிகளை எந்தக் கப்பித்தான் தேடிப் போயிருக்கிறார்?

இவர் போனார். நடுவில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ஒரு பயணத்தில் இரண்டு கப்பல்களைப் புயலுக்குக் கொடுத்தார். இன்னொரு பயணத்தில், குடிக்கத் தண்ணீர் தரமாட்டோம் என்ற ஊருக்குத் தீ வைத்தார். ஆனால் பிராஸை விட்ட கரையை அவர் மறக்கவில்லை. வழியை வளைத்துக்கொண்டு போய் அவனைக் கூட்டி வந்தார். ராஜாவே சபையில் மெச்சினாராம். சொன்ன சொல் தவறாத கப்பித்தான் என்று நாடெல்லாம் பேர்.

அந்தப் பேரைக் கேட்டால் பிராஸுக்கு வயிறு எரியும். ஏனென்றால், அந்த ஒன்பது வருடத்தில் அவனுக்கு அங்கே ஒரு வாழ்க்கை அமைந்திருந்தது. முதலில் அவனைக் கண்டு விலகியவர்கள் பிறகு சோறு போட்டார்கள். பிறகு பெண்ணும் கொடுத்தார்கள். கப்பித்தான் நட்ட கல்தூணில் கயிறு கட்டி அவன் மனைவி மீன் காயப் போடுவாள். மகள் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். இவ்வளவையும் விட்டு, அவனை அள்ளிக்கொண்டு வந்து கப்பித்தான் பேர் வாங்கிவிட்டார்.

மடத்துக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம், திரும்பிப் போகப் பிராஸ் பார்க்காத வழியில்லை. துறைமுகம் துறைமுகமாக அலைந்து ஒவ்வொரு கப்பலிலும் கெஞ்சினான். கப்பல்கள் இப்போது அந்தக் கரையை ஒட்டிப் போவதில்லை என்றார்கள். காற்று நடுக்கடலில்தான் நன்றாக வீசுகிறது என்று கண்டுபிடித்து, தூரமாக வளைந்து போகிறார்களாம். அந்தக் கரையில் இனி யாருக்கும் வேலையில்லை.

"எதற்குக் கூப்பிடுகிறார்?" என்று சாமி கேட்டார்.

"எத்தனையோ பாவம் பண்ணிவிட்டேன், ஒரே ஒரு நல்லது பண்ணினேன், சொன்னபடி அந்தக் கைதியைப் போய்க் கூட்டி வந்தேன் என்று புலம்பிக்கொண்டே இருக்கிறாராம். அது நல்லதுதான் என்று என் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவாராம். அவர் தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறாள்."

"சரி."

"சரி என்றால் எப்படி சாமி? உள்ளதைச் சொன்னால், கையில் இருக்கிற அந்த ஒன்றும் போய், வெறுங்கையோடு சாவார். நீங்கள் செய்தது நல்லது என்று சொன்னால், என் பெண்டாட்டி பிள்ளைக்கு நான் துரோகி. எதைச் சொல்ல?"

சாமி குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்தார். காலை நீட்டிப் பார்த்தார்.

"நீளம் போதாது. இன்னும் ஒரு சாண் வேண்டும்."

"சாமி."

"உண்மையைச் சொல்."

"தாங்கமாட்டார். செத்துப்போவார்."

"சொல்லாவிட்டாலும் சாவார்."

"சாகிறவர்மேல் உங்களுக்கு இரக்கம் இல்லையா?"

"பதினைந்து வருடமாக அவரைச் சபிக்கிறவன் நீ. நான் இல்லை." சாமி படுத்தபடியே கையை நீட்டினார். "தூக்கிவிடு. போய்ச் சொல். ஒன்றையும் விடாமல் சொல்."

பிராஸ் நடந்தான். ஊர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். பதினைந்து வருடமாகத் தீட்டிவைத்த கத்தி அது. அதை இறக்க நேரம் வந்துவிட்டது என்றதும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்லச் சாமியே அனுமதி கொடுத்துவிட்டாரே.

கப்பித்தானின் தங்கை கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது.

"நேற்றிலிருந்து கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றாள்.

அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. கப்பித்தானின் கால்கள் வீங்கிக் கிடந்தன. நீண்ட கடற்பயணங்களில் வரும் ஈறுநோயில் பல் எல்லாம் என்றைக்கோ விழுந்துவிட்டது. புயலில் பாய்மர உச்சியில் இருப்பவனுக்கும் கேட்கும்படி கத்தியவரின் குரல், இப்போது கட்டிலைத் தாண்டவில்லை.

"பிராஸா?"

"ஆமாம்."

"கிட்டே வா. கண் சரியாகத் தெரியவில்லை."

பிராஸ் உட்காரவில்லை. "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கப்பித்தான்."

"சொல்லு. அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேனே. எனக்கு மூச்சு கொஞ்சம்தான் இருக்கிறது." அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அன்றைக்குப் படகை அனுப்பினபோது உன் எலும்பாவது கிடைக்குமா என்றுதான் நினைத்தேன். துடுப்புப் போடுகிற ஒருவன் பாறையில் இடித்துக்கொண்டு நம் பாஷையில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். அவ்வளவுதான். எங்கிருந்தோ நீ ஓடி வந்தாய். கழுத்தளவு தண்ணீருக்கே வந்துவிட்டாய். நான் கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்றம் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அழுதாய். சிரிக்கவும் சிரித்தாய்."

பிராஸ் சாத்திய ஜன்னலைப் பார்த்தான்.

"கண்ணை மூடினால் எரிகிற வீடுகள்தான் வருகின்றன, பிராஸ். அப்போதெல்லாம் நீ தண்ணீரில் ஓடி வந்ததை இழுத்துப் பிடித்து நினைத்துக்கொள்வேன். அதை நினைத்தால்தான் தூக்கம் வரும்."

இதுதான் சமயம் என்று பிராஸுக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டான்.

"வருகிறாயா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா, கப்பித்தான்?"

"கேட்டேனே."

"எப்போது?"

"உனக்கு மறந்துவிட்டதா? கப்பலில் உனக்கு ரொட்டி கொடுத்தார்கள். நல்ல காற்று கிளம்பிவிட்டது. பாய் ஏற்றுவதற்கு முன்னால் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டேன். கரையில் யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டுமா, இறங்க வேண்டுமா என்று. இல்லை என்று தலையாட்டினாய். வாய் நிறைய ரொட்டி. உன்னால் பேச முடியவில்லை." கப்பித்தான் பல்லில்லாத வாயால் லேசாகச் சிரித்தார். "பாவம், அப்படிச் சாப்பிட்டாய்."

பிராஸ் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

இந்தக் கதையை அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். துறைமுகத்தில் சொன்னான், கடலைப் பார்த்துச் சொன்னான், சாமியிடம் சொன்னான். கப்பல் வரும், அவனைத் தூக்கிக்கொண்டு போகும். அதில் ரொட்டி வந்ததே இல்லை. இப்போது அது வந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட கோதுமை. சுற்றிலும் தன் பாஷை. ஆமாம் என்று சொன்னால் இறக்கிவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். விழுங்கி முடிப்பதற்குள் பாய் புடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கத்தினானா என்றுகூட இப்போது அவனுக்கு நிச்சயமில்லை.

கப்பித்தானின் கை போர்வைமேல் தடவித் தடவி அவன் கையைத் தேடியது. பிராஸ் கொடுத்தான்.

"அன்றைக்கு உனக்குச் சந்தோஷம்தானே?"

பிராஸ் அழுதுவிட்டான். "ஆமாம், கப்பித்தான்."

"அது போதும்" என்றார் அவர். "நீ ஏதோ சொல்ல வேண்டும் என்றாயே."

"ஒன்றுமில்லை."

அவர் அவன் கையை விடாமலே தூங்கிப்போனார். தங்கைதான் வந்து விரல்களைப் பிரித்துவிட்டாள். வாசல்வரை வந்து, "உங்களுக்குப் புண்ணியம்" என்றாள். பிராஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கி நடந்தான்.

அவன் குன்றேறி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாமி பிணத்தை இறக்கி, தனியாகவே குழியை மூடிக்கொண்டிருந்தார். பிராஸ் இன்னொரு மண்வெட்டியை எடுத்து மண் தள்ள ஆரம்பித்தான்.

"சொன்னாயா?"

"சொன்னேன் சாமி."

"என்ன சொன்னாய்?"

"அவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது எனக்குச் சந்தோஷம் என்று."

"பொய்யா?"

"பொய்யாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்."

ஊர்க்கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. இருவரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மணி ஓய்ந்ததும் பிராஸ் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பதினைந்து வருடம் அவரை வெறுத்தே நாளைத் தள்ளிவிட்டேன். காலையில் எழுந்தால் அவர் நினைப்பு, படுத்தால் அவர் நினைப்பு. இப்போது அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. இனி நான் யாரை நினைத்துக்கொண்டு இருப்பேன், சாமி?"

சாமி மேட்டைக் காலால் மிதித்துச் சமமாக்கினார். கையில் ஒட்டிய மண்ணை அங்கியில் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ வந்த நாளிலிருந்து கப்பித்தான் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த முனையில் கல் நட்டார், எந்த ஆற்றில் தண்ணீர் ஏற்றினார், எல்லாம் எனக்கும் மனப்பாடம். இத்தனை நாளில் ஒன்று மட்டும் நீ சொன்னதில்லை. உன் மகளுக்கு என்ன பெயர்?"