குளிர் தேசத்துக் குருவிக்கு ஒரு வரவேற்பு

அந்தக் காலத்தில், பறவைகள் நம்மைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கருவேலங்குளத்து ஏரியில் கதை சொல்லும் வேலை கரிச்சானுடையது. வாய்ச்சவடாலுக்குக் குறைச்சலில்லாத ஆள். புதிதாக யார் வந்தாலும் சிறகால் தண்ணீர் தெளித்து, கரிச்சானை ஒரு வரவேற்புக் கதை சொல்லவைப்பது அந்த ஏரியின் வழக்கம்.

ஒரு மார்கழியில் இங்கிலீஷ் தேசத்திலிருந்து சாம்பல் நிறக் குருவி ஒருத்தி வந்து இறங்கினாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். வழியெல்லாம் கேட்டுக் கேட்டு நம் பேச்சைப் பழகியிருந்தாள். சொற்கள் தெரியும், சொல்வழக்குதான் தெரியாது.

கரிச்சான் கதையில் வெளுத்துக்கட்டினான். "உன்னைப் பார்த்ததும் கண்ணு குளிர்ந்துச்சு தாயி, நெஞ்சு குளிர்ந்துச்சு. உன் வயிறும் குளிரட்டும், உன் குலமும் குளிரட்டும்!" என்று முடித்தான். எல்லாரும் தண்ணீரை வாரித் தெளித்தார்கள். குருவி வெலவெலத்துப்போய்க் கோரைப்புல்லுக்குள் ஒளிந்துகொண்டாள். மூன்று நாளாக ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை.

"இப்படியே கிடந்தா நாளைக்குத் தாங்காது," என்றாள் கொக்கம்மா.

கரிச்சானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் கதையைக் கேட்டு ஒரு விருந்தாளி சாவதா? நேரே புல்லுக்குள் போனான்.

"ஏம்மா, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"என் மூணு குஞ்சும் குளிர்லதான் விறைச்சுச் செத்துச்சு, அண்ணே. குலமே குளிரணும்னு எல்லாரும் சேர்ந்து வாழ்த்தினீங்களே!"

கரிச்சானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப உங்க ஊர்ல விருந்தாளிக்கு என்னதான் சொல்லுவீங்க?"

"கதகதப்பா வரவேற்கிறோம்னு சொல்லுவோம்."

சித்திரை வெயிலில் வெந்தவனுக்கு அது பிடிபடவே இல்லை. சூடு என்றால் இந்த ஏரியில் சண்டை, வயிற்றெரிச்சல். அந்த வார்த்தையை அப்படியே தூக்கிக் கதையில் போட்டால் கொக்கம்மாவே சிரிப்பாள். அதனால் விடாமல் கேட்டான். உறைந்துபோன குளத்தையும், சிறகுக்கடியில் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கிடந்ததையும் குருவி சொல்லச் சொல்ல, அவனுக்கே உடம்பு நடுங்கியது. அப்போதுதான் அந்த வார்த்தையின் அருமை அவனுக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் கோரைப்புல்லுக்குப் பக்கத்திலேயே மறுபடி கதை. இந்த முறை சவடால் இல்லை. பனி மூடிய ஊர், வழிதவறி வந்த ஒரு சின்னக் குருவி, அதைத் தன் குஞ்சோடு குஞ்சாகச் சேர்த்துக்கொண்ட ஒரு தாய்.

"அந்தத் தாயோட சிறகுக்குள்ள ஒரு கதகதப்பு இருந்துச்சு பாரு, அதுதான் தாயி நாங்க உனக்குத் தர்ற வரவேற்பு," என்றான்.

பனியையே பார்த்திராத கொக்கம்மா, பக்கத்திலிருந்த நாரையை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு, நடுவில் குருவிக்கு இடம் விட்டார்கள்.

குருவி மெல்ல வெளியே வந்தாள். ஓர் ஈயைக் கொத்தித் தின்றாள். பிறகு இன்னொன்று. போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவள் ஊர்ப் பேச்சும் வரவில்லை, நம் பேச்சும் வரவில்லை. வால் மட்டும் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது.

"என்னம்மா இது?" என்றான் கரிச்சான்.

"தெரியலை அண்ணே, நிக்க மாட்டேங்குது," என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று முதல்தான் அவளுக்கு வாலாட்டி என்று பெயர் வந்தது. குளிர்காலம் பிறந்ததும் அவள் வம்சம் நம் ஏரிக்கரைகளுக்கு வந்து, ஓடி ஓடி நின்று வாலை ஆட்டுகிறது. இத்தனை காலமாகியும் அது நன்றி சொல்லி முடிக்கவில்லை.