வர்ற லைன்

காற்றுக்குப் பெயர் போன ஊர் அது. ஆடி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே புகுந்து, தென்னந்தோப்புகளை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீசும். பட்டப்பகலிலேயே கண் சொக்கும். காதில் விழுவது தோப்பின் இரைச்சலா, தூக்கத்தின் இரைச்சலா என்று சொல்லவே முடியாது.

அப்படி ஒரு தோப்பின் நடுவே சுகந்தியின் பட்டறை இருந்தது. பந்தயக் கார்கள் மட்டும்தான் அங்கே வரும். அவளுக்கு முப்பத்தாறு வயது, அதிகம் பேசமாட்டாள். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் நாச்சிமுத்து, மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சீடன் என்றால் மீசை முளைக்காதவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அவர் அவளை ‘மாஸ்டர்’ என்றார். அவள் அவரை ‘அண்ணா’ என்றாள். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அவர் வந்தது வேலைக்காக மட்டும் இல்லை. பட்டறையில் நின்ற சிவப்புக் கார் அவருடைய மகள் கோகிலாவினுடையது.

கோகிலா பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கார்ப் பந்தயத்துக்குப் போனாள். அப்பாவுக்குப் பயம். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை, கோபமாக வந்தது. பெட்டியோடு வாசலில் நின்று, “போயிட்டு வர்றேம்ப்பா” என்றாள். “போறதோட சரி. வர வேண்டாம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. அவள் வரவில்லை.

அவர் பட்டறைக்கு வருவது அவளுக்குத் தெரியாது. அவள் காரைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர் பின்பக்கமாகத் தோப்புக்குள் போய்விடுவார். பஸ்ஸை மலையில் ஏற்றி இறக்கியவர், பெற்ற பெண்ணைப் பார்த்து ஓடி ஒளிந்தார். சிரிப்பதா அழுவதா என்று சுகந்திக்கே தெரியவில்லை.

அன்று காலையில் வந்ததும் நாச்சிமுத்து இரும்பு கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அதுவரை காற்றுக்கு அது படார் படார் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கோணுமுங்க.”

“கேளுங்ண்ணா.”

“ஒருத்தருக்குக் கோவம் எப்பங்க ஆறும்?”

“யாரு கோவமுங்க?”

“சும்மா... பொதுவாத்தான் கேட்டேன்.”

சுகந்தி ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு டீயை உயர்த்தி ஊற்றினாள். திரும்பவும் இந்த டம்ளருக்கு ஊற்றினாள்.

“டீயை எதுக்குங்ண்ணா ஆத்தறோம்?”

“ஆறட்டும்னுதான்.”

“ஒரே டம்ளர்ல வெச்சா ஆறாதுங்களா?”

“ஆறுமுங்க. ஆடை கட்டிப் போயிரும். அப்புறம் வாயில வெக்க முடியாது.”

அவள் டீயை அவர் கையில் கொடுத்தாள்.

“குடிச்சுட்டு வாங்க. ஆயில் கூலரை மாட்டலாம்.”

போன பந்தயத்தில் கோகிலாவின் காரில் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்த ஆயில் தண்ணீராக இளகிவிடும், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்காது. இன்னொரு தடவை அப்படி ஆனால் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் மலைப்பாதையில். கொண்டை ஊசி வளைவில் என்ஜின் பிடித்தால் என்ன ஆகும் என்று நாச்சிமுத்துவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான், “இந்தக் கூலரை மட்டும் நானே மாட்டறனுங்க” என்று கேட்டு வாங்கினார். மகள் அவரோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவர் கை வைத்த ஒன்று அவளோடு மலை ஏற வேண்டும்.

வேலை பெரிய வித்தை இல்லை. என்ஜினிலிருந்து ஒரு ஹோஸ் சூடான ஆயிலைக் காரின் மூக்குக்குக் கொண்டுபோகும். அங்கே பம்பருக்குப் பின்னால் கூலர், எதிர்காற்று படுகிற இடத்தில். காற்று பட்டு ஆறிய ஆயில் இன்னொரு ஹோஸ் வழியாக என்ஜினுக்கே திரும்பும். போகிற லைன் ஒன்று, வருகிற லைன் ஒன்று.

நாச்சிமுத்து ஹோஸ்களைப் புகைக்குழாயின் சூட்டுக்குத் தள்ளிக் கொண்டுபோனார். தகட்டு விளிம்பு அறுக்காமல் ரப்பர் வளையம் போட்டார். பிறகு இரண்டையும் வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சுகந்தி ஒரு விரலால் ஹோஸைத் தட்டினாள்.

“என்ஜின் ஆடுமுங்ண்ணா.”

“நல்லாத்தான் முடுக்கியிருக்குதுங்களே.”

“எத்தனை முடுக்கினாலும் ஆடும். கொஞ்சம் விட்டுக் கட்டுங்க.”

அவர் அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் தளர்வாகக் கட்டினார். தூசி விஷயத்தில் மட்டும் அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது. காரின் அடியில் ஹோஸை நுழைக்கும்போது ஒரு பொடி மண்கூட உள்ளே போகக் கூடாது என்று, தோளில் கிடந்த துண்டைக் கிழித்து எல்லா முனையிலும் அடைத்திருந்தார். மாட்டும்போது ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். கூலரில் புது ஆயிலை ஊற்றி நிரப்பினார்.

வேலை முடிந்த களைப்பில் காரின் நிழலில் சாய்ந்தார். கண் செருகியது.

கனவில் பஸ் ஓட்டினார். பஸ்ஸுக்குள் தென்னை ஓலைகள் அசைந்தன. கண்ணாடியில் பார்த்தார். பள்ளிக்கூடப் பையோடு கோகிலா இருந்தாள். ஏதோ ஒரு நிறுத்தத்தில் அவள் இறங்க, பஸ் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தார், மிதித்தார், கால் பஞ்சுக்குள் போனது. ஜன்னலுக்கு வெளியே அவள் பஸ்ஸின் கூடவே நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள், ஆனாலும் பின்தங்கவில்லை. ஏறுவதற்குக் கதவைத் தேடினாள். பஸ்ஸுக்குக் கதவே இல்லை.

“அண்ணா, எந்திரிங்க. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்.”

என்ஜின் உறுமியது. ஆயில் பிரஷர் முள் எழும்பி நின்றது. எங்கும் கசிவு இல்லை. நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீங்களா மாஸ்டர், கல்லாட்டம் நிக்குது.”

“சூடாகட்டும்” என்றாள் சுகந்தி.

என்ஜின் சூடேறும் வரைக்கும் ஆயில் கூலருக்குப் போகாது. அதற்கென்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது, சூடு கண்டால்தான் அது திறக்கும். சில்லென்று இருக்கும்போது எல்லா என்ஜினும் நல்ல என்ஜின்தான். இருவரும் காத்திருந்தார்கள். தோப்பு இரைந்தது. பம்பர் வழியாகக் காற்று உள்ளே போய்க் கூலரைத் தொட்டது.

முள் தயங்கியது. கொஞ்சம் இறங்கியது.

சுகந்தி உடனே சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள்.

“என்னாச்சுங்க?”

“தொட்டுப் பாருங்க. போற லைன்.”

தொட்டார். சூடு.

“இப்ப வர்ற லைன்.”

தொட்டார். சில்லென்று இருந்தது. மறுபடியும் தொட்டார்.

சுகந்தி வருகிற லைனின் என்ஜின் பக்கத்து முனையைக் கழற்றினாள். வளைவுக்குள் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தாள். கட்டம் போட்ட துண்டின் ஒரு கிழிசல், ஆயிலில் ஊறி, வெளியே வந்தது.

நாச்சிமுத்து தன் தோளில் கிடந்த மீதித் துண்டைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவதில் முள் விழுந்திருக்கும். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தூசி போயிரக் கூடாதுன்னுதானுங்க வெச்சேன்” என்றார். “அவளுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதானுங்க.”

“தெரியுமுங்ண்ணா.”

அவள் ஹோஸைக் கழுவிக் கொடுத்தாள். அவரே எழுந்து மாட்டினார். இந்தத் தடவை ஒவ்வொரு முனையிலும் விளக்கை அடித்துப் பார்த்தார், விரலை விட்டும் பார்த்தார். மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். சூடேறியது. முள் அசையாமல் நின்றது. அவர் வருகிற லைனைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்ல அது இளஞ்சூடானது. கோகிலா கைக்குழந்தையாக இருந்தபோது, குளிக்க வார்க்கும் தண்ணீரில் அவர் கையை விட்டுப் பார்க்கிற பதத்தில் இருந்தது. பிடித்த கையை எடுக்க மனசு வரவில்லை.

சுகந்தி என்ஜினை நிறுத்தினாள். காற்றும் ஒரு நிமிஷம் ஓய்ந்தது. அந்த அமைதியில், வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹாரன் இரண்டு தரம் அடித்தது.

“கோகிலாவுங்க” என்றாள் சுகந்தி. “சாயங்காலம் வர்றன்னு சொன்னா. இப்பவே வந்துட்டா.”

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். வழக்கம்போலப் பின்பக்கம் திரும்பி ரெண்டு எட்டு வைத்தார். கையில் அந்த இளஞ்சூடு இன்னும் இருந்தது. அதற்கு மேல் கால் நகரவில்லை.

“அக்கா!” என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு தீபாவளிக்குப் பிறகு அவர் அதைக் கேட்டார். கொஞ்சம்கூட மாறவில்லை.

“மாஸ்டர்” என்றார், மூச்சுக் காற்றைப் போலச் சன்னமாக. “அவளுக்கு... ஆறியிருக்குமுங்களா?”

ஆயிலில் ஊறிய கிழிசலைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சுகந்தி கையைத் துடைத்தாள்.

“கேட்டுக்கு நீங்க போட்ட தாழ்ப்பா உள்பக்கமாத்தான் இருக்குதுங்ண்ணா” என்றாள்.