துரைத்தாழ்

இருட்டிய பிறகு மடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு இரும்பின் மேல் ஊர்கிற சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி ஊரும். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெலிந்துகொண்டே போனது.

சாமி விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்.

நெல் வைக்கிற அறைக்கு முன்னால் மாடக்கண்ணு குந்தியிருந்தார். கதவின் வெளித்தாழைத் தள்ளினார். இழுத்தார். மறுபடி தள்ளினார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் எண்ணெய்.

"என்ன செய்றீங்க அண்ணாச்சி?"

"பழகுறேன் சாமி."

"எதை?"

"சத்தமில்லாம தாழ் போட."

"அது விளக்குக்கு வச்ச எண்ணெய்."

"தெரியும் சாமி."

மாடக்கண்ணு அந்த மலையடி ஊரின் கொல்லர். சாமியைவிட வயதில் மூத்தவர். சீடராக வந்த நாளிலிருந்து அவர் 'சாமி' என்பார், சாமி 'அண்ணாச்சி' என்பார். ஊரார் சாமிக்கு வைத்த பெயர் ஊமைச்சாமி. ஊமை இல்லை. போலீஸ் வந்து கேட்டாலும் பேசமாட்டார், காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்து திரிகிற பையன்கள் வந்து கேட்டாலும் பேசமாட்டார். அதனால் அந்தப் பெயர்.

சாமி தரையில் உட்கார்ந்தார்.

"எந்த வீட்டுக்கு?"

மாடக்கண்ணு எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார்.

"எஸ்.ஐ. வீடா?"

"ஆமா."

"எப்போ?"

"இன்னைக்குத்தான். மேற்கே டார்ச் வெளிச்சம் தெரிஞ்சதும் நான் போய் வெளித்தாழைப் போட்டுடணும். மீதியைக் காட்டுப் பையன்க பார்த்துக்குவாங்க. மண்ணெண்ணெய் அவங்க கொண்டு வர்றாங்க."

"உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்க? அவங்க கையிலயே துப்பாக்கி இருக்கே."

"மரியாதைக்கு."

சாமி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"சிரிக்காதீங்க சாமி. எங்க தாத்தாவை இந்த மாதிரி வெளித்தாழைப் போட்டுத்தான் எரிச்சாங்க. என் மகனை அந்த எஸ்.ஐ. ஸ்டேஷன்ல வச்சு அடிச்சுக் கொன்னான். போஸ்டர் ஒட்டுன பையன் சாமி. மீசைகூட சரியா முளைக்கல. பொணத்தைக் குடுக்கும்போது 'பயங்கரவாதியோட அப்பன் நீதானா'ன்னு கேட்டான். 'ஆமாய்யா'ன்னு சொல்லித்தான் வாங்கிட்டு வந்தேன். இல்லேன்னா குடுத்திருக்க மாட்டான்."

விளக்குத் திரி படபடத்தது. சாமி அதைத் தூண்டவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சாமி. கேட்டுட்டுப் போலாம்னுதான் மடத்துக்கு வந்தேன்."

"கேளுங்க."

"யார் ஆரம்பிச்சது இதை?"

"உங்களுக்குத் தெரிஞ்ச இடத்திலிருந்து சொல்லுங்க."

"என் மகனை அடிச்சது எஸ்.ஐ."

"அதுக்கு முன்னால?"

"பையன்க ஸ்டேஷன்ல குண்டு போட்டாங்க."

"அதுக்கு முன்னால?"

"காட்டுல விவசாயம் பண்ணுனவங்களைச் சர்க்கார் விரட்டுச்சு. ராத்திரி போலீஸ் வந்து வெளியே தாழ் போட்டுட்டுப் போகும். விடிஞ்சு வந்து திறக்கும். வெள்ளைக்காரன் காலத்துல செஞ்ச மாதிரியே."

"வெள்ளைக்காரன் ஏன் செஞ்சான்?"

"துரை பங்களாவை நம்ம ஆளுங்க கொளுத்தினாங்க. அப்புறம்தான் அந்த உத்தரவு. எந்த வீட்லயும் உள்தாழ் இருக்கக் கூடாது. எல்லாத் தாழும் வெளியே. பொழுது சாஞ்சா காவக்காரன் தெருவோட போட்டுக்கிட்டே போவான். துரைத்தாழ்னு பேரு. அப்படிப் போட்டு வச்சிருந்த ராத்திரியிலதான் எங்க தாத்தா வீட்டுக் கூரையில துரை ஆளுங்க தீ வச்சாங்க. ஒருத்தரும் வெளியே வர முடியல."

"பங்களாவை ஏன் கொளுத்தினாங்க?"

"துரை காட்டைச் சுத்திக் கம்பி கட்டினான். விறகு ஒடிச்ச அண்ணன் தம்பியைத் தூக்குல போட்டான்."

"அதுக்கு முன்னால?"

மாடக்கண்ணு யோசித்தார்.

"அதுக்கு முன்னால காடு இருந்துச்சு சாமி."

"அப்போ ஆரம்பிச்சது துரைதான். எனக்கு அதுல சந்தேகம் இல்ல."

மாடக்கண்ணு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்போ நான் போடலாமா?"

"துரை வீட்டுத் தாழையா போடப் போறீங்க?"

வந்த வெளிச்சம் போய்விட்டது. அவர் மறுபடி தாழைப் பிடித்தார். தள்ளினார். இந்த முறை சத்தமே வரவில்லை.

"நல்லாப் பழகிட்டீங்க," என்றார் சாமி. "இந்தத் தாழையெல்லாம் அடிச்சது யாரு?"

"துரை."

"துரைக்குச் சம்மட்டி பிடிக்கத் தெரியுமா?"

மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

"தாத்தாதான் அடிச்சார். ஊர்ல வேற கொல்லன் ஏது?"

"சுதந்திரம் வந்தப்போ என்ன செஞ்சீங்க?"

"அப்பா சொல்லுவார். கொட்டு மேளத்தோட போய் எல்லாத் தாழையும் திறந்தாங்களாம். மூணு வர்ணம் பூசினாங்களாம். அன்னையிலிருந்து அதுக்குத் தேசத்தாழ்னு பேரு."

"கழட்டலையா?"

"கழட்டணும்னு யாருக்கும் தோணல சாமி. யார் கையால திறக்கிறதுன்னுதான் சண்டை. மேலத்தெருக்காரங்களுக்கும் நமக்கும் மண்டை உடைஞ்சுதாம்."

"பையன்க வந்த பிறகு?"

"விடுதலைத்தாழ்ங்கிறாங்க. போலீசுக்கு யாரும் தகவல் சொல்லப் போயிடக் கூடாதுன்னு அவங்களும் ராத்திரி வந்து போடுறாங்க. உள்தாழ் வச்சா காட்டிக்கொடுக்கிறவன்னு அர்த்தமாம்."

"வர்ணம்?"

"சிவப்பு."

காற்றில் மலைப்பக்கமிருந்து நாய் குரைப்பது கேட்டது. மாடக்கண்ணு எழுந்து மேற்கே பார்த்தார். வெளிச்சம் எதுவும் இன்னும் இல்லை.

"கொளுத்தின அந்தப் பங்களாவுக்குள்ள யாரெல்லாம் இருந்தாங்க அண்ணாச்சி?"

"துரை அன்னைக்கு வேட்டைக்குப் போயிட்டான்."

"நான் கேட்டது இருந்தவங்களை."

"துரைசானி. ஒரு கைக்குழந்தையும் இருந்ததாச் சொல்லுவாங்க."

"அது பேரு என்ன?"

"தெரியாது. கோயில் கொடை அன்னைக்குப் பாடுவாங்களே, அந்தப் பாட்டுல இல்ல."

"தூக்குல போட்டவங்க பேரு?"

"அது பாட்டுல இருக்கு."

"உங்க தாத்தா பேரு?"

"இருக்கு சாமி."

"எஸ்.ஐ. இன்னைக்கு வீட்ல இருக்கானா?"

"சொல்ல முடியாது. பொண்டாட்டியும் பிள்ளையும் இருக்காங்க."

"அந்தப் பிள்ளை பேரு தெரியுமா?"

"தெரியும். தொட்டிலுக்கு நான்தான் வளையம் அடிச்சுக் குடுத்தேன்."

"சொல்லுங்க."

"வேண்டாம் சாமி. சொன்னா கை நடுங்கும்."

சாமி எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உங்க சாமான் பையை எடுத்துக்கிட்டு வாங்க. குறடு, சுத்தியல், ஆணி எல்லாம் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"தாழ் போடத்தானே போறோம். நானும் வர்றேன்."

தெரு முழுக்க வீடுகள் சாத்திக் கிடந்தன. பையன்கள் வருகிற ராத்திரி என்று ஊருக்கே தெரியும். யாரும் விளக்கு வைக்கவில்லை. கடைசி வீடு எஸ்.ஐ.யுடையது. ஊர்க்காரர் ஒருவரின் பழைய வீடு, வாடகைக்கு எடுத்தது. அதிலும் தாழ் வெளியேதான்.

மாடக்கண்ணு படியேறித் தாழில் கை வைத்தார். சாமி அவரைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் தட்டினார்.

"சாமி! என்ன காரியம் செய்றீங்க?"

உள்ளே ஏதோ உருண்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"யாரது?"

"ஊமைச்சாமி."

"ஊமைச்சாமி பேசுமா?"

"பேசும் தாயி. திற."

"திறக்க முடியாது. தையல் மெஷினை முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். அரிசி மூட்டையும் இருக்கு. உள்ளே தாழ் கிடையாது."

"அதுக்குத்தான் வந்திருக்கோம்."

உள்ளே விளக்கு ஏற்றிய வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தது. பிறகு கனமான ஒன்றை இழுக்கும் ஓசை. கதவு ஒரு சாண் திறந்தது. டவுனில் கன்னியாஸ்திரீகளிடம் படித்து, கல்யாணமாகி வந்த பெண். பெயர் ஸ்டெல்லா. தோளில் குழந்தை. அவள் கழுத்து ஜெபமாலையைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் கையில் அரிவாள்மனை.

சாமி உள்ளே போய் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ போடுங்க அண்ணாச்சி," என்றார்.

மாடக்கண்ணு வாசலில் நின்றார். கை தாழின் மேலேயே இருந்தது.

ஸ்டெல்லா அரிவாள்மனையை வைத்துவிட்டு விளக்கைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். ஓர் அடி பின்னால் போனாள்.

"நீங்க அந்தப் பையனோட அப்பாதானே?"

"ஆமா."

"அவர் இல்ல. டியூட்டிக்குப் போயிட்டார். எப்போ வருவார்னு தெரியாது. சத்தியமா."

"உன் புருஷனை நான் மன்னிக்கல தாயி. மன்னிக்கவும் மாட்டேன்."

"மன்னிங்கன்னு நான் கேக்கல. கேக்க எனக்கு வாய் இல்ல."

"நான் தாழ் போட வந்தேன்."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?"

குழந்தை சிணுங்கியது. "சும்மா இரு ரூபி, சும்மா இரு," என்று அவள் தட்டிக்கொடுத்தாள்.

மாடக்கண்ணுவின் கை நடுங்கியது.

அவர் பையை இறக்கிக் குறடை எடுத்தார். மூன்று வர்ணத்துக்கு மேல் பூசிய சிவப்பு உரிந்து உதிர்ந்தது. அதற்கும் கீழே கறுப்பு. தாத்தா அடித்த இரும்பு. ஆணிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. ஒவ்வொன்றும் வரும்போது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே வந்தது. எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். யாரும் வெளியே வரவில்லை.

தாழ் கழன்று கையில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் வாசற்படியில் நின்றார். மேற்கே, பனைகளுக்கு நடுவில், டார்ச் வெளிச்சம் ஒன்று அணைந்து எரிந்தது. பிறகு இன்னொன்று.

"சாமி, வந்துட்டாங்க."

"தெரியுது."

"இதை மாட்டிக் குடுத்துட்டு வெளியே போனா என்னைக் காட்டிக்கொடுத்தவன்னு சுடுவாங்க. உள்ளே இருந்தா, விடிஞ்சதும் எஸ்.ஐ. வந்து, பயங்கரவாதியோட அப்பன் என் வீட்ல என்னடா பண்றேம்பான்."

"ஆமா."

"என் மகனைத் தியாகின்னு கல்லு நடுறதாச் சொன்னாங்க. இனிமே அதுவும் நட மாட்டாங்க."

"நட மாட்டாங்க."

மாடக்கண்ணு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஸ்டெல்லா விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். அவர் தாழை உட்புறம் வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தார். அவசரத்தில் ஒரு ஆணி வளைந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ஆணி எடுத்தார். நிலையில் துளை இல்லை. உளியால் குடைந்தார். அவருடைய வியர்வை குழந்தையின் பாதத்தில் சொட்டியது. அது காலை உதறியது.

வெளியே காலடிகள் கேட்டன. மண்ணெண்ணெய் வாடை அதற்கு முன்பே வந்துவிட்டது.

மாடக்கண்ணு தாழின் மேல் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"சாமி. உள்ளே தாழ் போட்டா தீ வராதா?"

"வரும்."

"அப்புறம் எதுக்கு?"

"வந்தா, நாமளே திறக்கலாம்."

மாடக்கண்ணு தாழைத் தள்ளிப் போட்டார். வெளியே கேட்கட்டும் என்று, சத்தத்தோடு.