கிழக்குக் கரையை வெட்டியவர்

கண்மாய்க் காவல் பார்க்கும் சாத்தையா குன்றின் மேல் ஏறி வந்தபோது மழை விட்டிருந்தது. முழங்கால்வரை சேறு. குன்றில் தனியே வாழும் துறவியான சாமி அவரைவிட ஆறு வயது இளையவர். நனைந்த விறகைப் பாறையில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"கண்மாய்க் கரையை வெட்டிட்டேன், சாமி."

"மேலே இருந்து பார்த்தேன்."

"கரை எந்த நேரமும் உடையும்னு இருந்தது. தண்ணி மேற்கே போனா இருநூற்றுப் பதினாலு வீடு. கிழக்கே பதினொன்னு. மண்ணிலே கோடு கிழிச்சு ரெண்டு பக்கமும் எண்ணினேன். பதினோரு வீட்டையும் காலி பண்ண வச்சுட்டுத்தான் கிழக்கே வெட்டினேன்."

"பிறகு?"

"வாத்து மேய்க்கிற வேலம்மை தண்ணியிலே போயிட்டா."

சாமி விறகைக் கீழே வைத்தார்.

"ஊர் வரிப் பட்டியலை வச்சு எண்ணினேன், சாமி. அசலூர்க்காரின்னு அவகிட்டே வரி வாங்கறதில்லை. கிழக்கே இருந்த அவ குடிசை பட்டியல்லே கிடையாது. பத்து வருஷமா முட்டை கொண்டு வந்து கொடுத்தவ. எண்ணும்போது ஞாபகத்துக்கே வரலை. வாத்தெல்லாம் பிழைச்சுக்கிடுச்சு."

"அவளையும் சேர்த்து இப்போ எண்ணுங்க."

சாத்தையா வெகுநேரம் எண்ணினார். பன்னிரண்டை எண்ண அவ்வளவு நேரம் ஆகாது.

"அப்பவும் கிழக்கேதான் வெட்டணும்."

"அப்போ உங்க கணக்கு சரி."

தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் அவர் அத்தனை படி ஏறி வந்திருந்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு எனக்குப் பரிவட்டம் கட்டறாங்களாம். ஊரைக் காப்பாத்தினவன்னு. அவ கரையிலே கிடக்கா. பட்டியல்லே இல்லாதவளுக்கு ஊர்ப் பாடை கிடையாது. தூக்கறவனையும் பட்டியல்லே இருந்து எடுத்துடுவாங்க. நான் என்ன செய்யட்டும், சாமி?"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். சாத்தையா பின்னாலேயே போனார்.

கரையில் வேலம்மை மேல் யாரோ ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். நாலைந்து வாத்துகள் பக்கத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. மேற்கே வீடுகளில் அடுப்புப் புகை எழுந்தது.

"தூக்க நாலு பேர் வேணுமே, சாமி."

"நாம ரெண்டு பேர் இருக்கோம்."

"இருநூற்றுப் பதினாலு வீடு பிழைச்சிருக்கு. ரெண்டு பேர் வரமாட்டாங்களா?"

சாமி குனிந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அவங்களும் கணக்குப் பார்ப்பாங்க, சாத்தையா. நீங்க கால் பக்கம் பிடிங்க."