இளவெயினன் கேட்ட வேல்கள்

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடல் இன்றிருக்கும் இடத்துக்கு ஒரு காதம் கிழக்கே கரை இருந்த காலத்தில், நீர்முகம் என்றொரு பட்டினம் இருந்தது. அதைத் திருக்கண்ணன் என்ற அரசன் ஆண்டான்.

களஞ்சியத்துக்கு வரும் வரி நெல்லை நான்கு பங்காகப் பிரிப்பது அந்த ஊர் வழக்கம். ஒரு பங்கு கஞ்சிச் சாலைக்கு. ஒரு பங்கு மருத்துவச் சாலைக்கு. ஒரு பங்கு வாய்க்கால்களைத் தூர் வாருகிறவர்களுக்கு. மீதி ஒரு பங்கு காவலருக்கு.

காவல் தலைவன் பெயர் இளவெயினன். கைக்கூலி வாங்காதவன், யாரையும் வீணாக அடிக்காதவன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் மாதினி. அவள் கணவன் கப்பலேறிப் போயிருந்தான்.

ஓர் ஆண்டு முத்து வணிகர் ஒருவருடைய பண்டசாலையில் முத்துகள் களவு போயின. வணிகர்கள் திரண்டு அரண்மனை வாசலில் நின்றார்கள். அரசன் இளவெயினனைக் கூப்பிட்டான்.

"களவு நிற்க உனக்கு என்ன வேண்டும், சொல்."

"நூறு வேலும் அதைப் பிடிக்க நூறு ஆளும் வேண்டும், அரசே."

நூறு ஆளுக்கு நெல் எங்கே? கஞ்சிச் சாலையின் பங்கு காவலுக்குப் போனது. அங்கே அடுப்பு அணைந்தது.

ஒரே மாதத்தில் முத்துக் கள்வன் பிடிபட்டான். இளவெயினன் மீசையைத் தடவிக்கொண்டான். ஆனால் அதற்குள் வேறு களவுகள் தொடங்கியிருந்தன. ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் உலையரிசி, ஒரு தோப்பில் இளநீர். பிடித்து வந்தவர்களை நிறுத்திப் பார்த்தான். பாதிப் பேரைக் கஞ்சிச் சாலை வரிசையில் கலயத்தோடு பார்த்திருக்கிறான். மனம் லேசாக உறுத்தியது. "களவு களவுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சிறை நிரம்பியது. இரண்டாம் முறை அரசன் முன் போய் நின்றான். "இன்னும் நூறு வேல் வேண்டும், அரசே."

இந்த முறை மருத்துவச் சாலை மூடப்பட்டது. நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கி வந்து தெருவில் இறக்கினார்கள்.

அந்தச் சாலையில் சேந்தி என்றொரு மருத்துவச்சி இருந்தாள். பட்டினத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவர்கள். சாலை போனாலும் அவள் வேலையை விடவில்லை. வீடு வீடாக நடந்தாள். கைவசமிருந்த மருந்து தீர்ந்தது. ஒருநாள், பிள்ளை பெற்று உதிரம் நிற்காமல் கிடந்த ஒருத்திக்காக, செட்டியார் கடையில் மருந்துச் சரக்கைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஓடினாள். புதுக் காவலர் பிடித்துவிட்டார்கள்.

களவு செய்த கையை மணிக்கட்டோடு வெட்டுவது அந்த ஊர்ச் சட்டம். தண்டனை நடக்கும்போது காவல் தலைவன் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றான்.

சேந்தி அழவில்லை. "ஐயா, தெற்குத் தெருவில் மூன்று பேர் நிறைமாதம். அவர்களுக்கு யாரை அனுப்புவீர்கள்?" என்று கேட்டாள்.

கத்தி இறங்கியது.

அதற்குப் பிறகு காவலரைக் கண்டால் ஊரார் கல்லெறிந்தார்கள். இளவெயினன் மூன்றாம் முறையும் அரசனிடம் போனான், மூன்றாம் நூறும் கேட்டான். அரசன் யோசிக்கக்கூட இல்லை. தூர் வாருகிறவர்களை நிறுத்திவிட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாய்க்கால்கள் அடைத்துக்கொண்டன. சாக்கடையும் குடிநீரும் தெருவில் ஒன்றாக நின்றன. காய்ச்சல் வந்தது. கள்வர்கள் ஒரு தலைமுறையில் எடுக்காத உயிரை அது ஒரு மாதத்தில் எடுத்தது. வேலோடு நின்ற காவலர் வேலோடு சாய்ந்தார்கள்.

அந்த மழையில் ஒரு நண்பகல், நிறைமாதமாயிருந்த மாதினிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கையைப் பிசைந்தார்கள். இளவெயினன் முழங்கால் நீரில் தெற்குத் தெருவுக்கு ஓடினான்.

சேந்தி குடிசைக்குள் உட்கார்ந்திருந்தாள். வலக்கை இருந்த இடத்தில் துணி சுற்றியிருந்தது. அவன் நனைந்தபடி வாசலில் வந்து நின்றான். அவளே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"எவ்வளவு நாழிகையாக வலி?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

இடக்கை ஒன்றால் அந்திவரை போராடினாள். பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டாள். தாய் போய்விட்டாள்.

"இது இரண்டு கை வேலை, ஐயா" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மகளுக்குக் காரியம் முடிந்த மறுநாள் அரசன் ஆளனுப்பி இளவெயினனைச் சபைக்கு வரவழைத்தான். "ஊர் கொந்தளிக்கிறதாமே. இன்னும் எத்தனை வேல் வேண்டும்? கேள், தருகிறேன்."

சபை முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. வணிகர்களும் இருந்தார்கள், மந்திரிகளும் இருந்தார்கள்.

"ஒன்றும் வேண்டாம், அரசே" என்றான் இளவெயினன். "கொடுத்த முந்நூறையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முத்து திருடியவன் ஒருவன். அவனைப் பிடிக்கப் பழைய ஆட்களே போதும். மற்றக் கள்வர்களையெல்லாம் உண்டாக்கியது நாம். நான் கேட்டேன், நீங்கள் கொடுத்தீர்கள். அடுப்பை மூட்டுங்கள். மருத்துவச் சாலையைத் திறங்கள். வாய்க்காலில் ஆளை இறக்குங்கள். இன்றைக்கே செய்தால் மிச்சமிருப்பவர்களாவது பிழைப்பார்கள்."

"மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் பிதற்றுகிறான்" என்றான் அரசன். அன்றே இளவெயினனின் வாளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். புதிய தலைவன் வந்தான். அவன் ஐந்நூறு வேல் கேட்டான். களஞ்சியத்தில் மீதமிருந்த நெல்லைக் கொண்டு அதுவும் கிடைத்தது.

பிறகென்ன? நடக்க முடிந்தவர்கள் ஊரைவிட்டு நடந்தார்கள். முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே கிடந்தார்கள். வயலில் இறங்க ஆளில்லை, வரி நெல் வரவில்லை. மூன்று மாதம் கூலி கிடைக்காத காவலர் ஒருநாள் பட்டப்பகலில் அரண்மனைக் களஞ்சியத்தை உடைத்தார்கள். தடுக்க வந்த அரசன் வாசற்படியிலேயே வெட்டுண்டு விழுந்தான். உள்ளே ஒரு மரக்கால் நெல்கூட இல்லை.

இளவெயினன் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சேந்தியின் பின்னால் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனான் என்கிறார்கள். அங்கே அவளுடைய மற்றொரு கையாக, சொன்ன வேலையைச் செய்துகொண்டு காலத்தைக் கழித்தானாம். அவள் அவனை மன்னித்தாளா என்று யாருக்கும் தெரியாது. அவனும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் மனத்தில் வையுங்கள்: பசிக்கும் நோய்க்கும் உரிய பங்கைப் பிடுங்கிக் காவலைப் பெருக்குகிற ஊர், தன் மக்களையே கள்வராக்கிக் கடைசியில் தானும் அழியும்.