வெயிலில் சுருங்கிய நிழல்

வெறுங்காட்டூர்க்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் எதையும் யோசிக்காமல் செய்தவர்கள் அல்ல. நன்றாக யோசித்துத்தான் எல்லாவற்றையும் கெடுத்தார்கள்.

அந்த ஊரில் தண்ணீர் கிடையாது. பெண்கள் விடிவதற்குள் குடத்தோடு கிளம்பி அரைக் காதம் நடக்க வேண்டும். நாட்டாமை ஒச்சப்பனின் மனைவி பேச்சியம்மாள் மூன்று மாதமாக ரசம் வைப்பதையே நிறுத்திவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அரண்மனைக் கணிதர் பல்லக்கில் வந்து இறங்கினார். பூமி உருண்டை என்று அவர் ராஜாவிடம் சொல்லப்போக, எவ்வளவு பெரிய உருண்டை என்று ராஜா கேட்டுவிட்டாராம்.

"சித்திரை மூன்றாம் நாள் உச்சி வேளையில் அரண்மனையில் கம்பு நட்டு நிழலை அளப்பேன். பத்து நாள் நடை தெற்கே இருக்கும் நீங்களும் அதே நேரத்தில் இந்த ஆறு முழக் கம்பை நட்டு அளக்க வேண்டும். இரண்டையும் வைத்துப் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிடுவேன். அளவைக் கயிற்றில் முடிந்து அனுப்பினால் ராஜா உங்களுக்கு ஏரி அமைத்துத் தருவார். இல்லையென்றால் ஏரி அடுத்த ஊருக்கு. நிழல் பத்திரம், யாரும் மிதிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரி விஷயமாயிற்றே. சித்திரை மூன்றாம் நாள் பொழுது கிளம்பியதுமே கம்பை நட்டுவிட்டார்கள். ஒச்சப்பன் கயிறு போட்டு அளந்தார். நிழல் இருபது முழம் இருந்தது.

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஆறு முழக் கம்புக்கு இருபது முழமா? நம்ம மண்ணு நல்ல மண்ணுதான்," என்றாள்.

நிழல் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. காவலுக்கு நின்ற சடையாண்டி, குடத்தோடு வந்த பெண்களை மறித்து ஊரைச் சுற்றிப் போகச் சொன்னான். சுற்றியதில் குடம் பாதியாயிற்று.

இரண்டு நாழிகை கழித்து மறுபடி அளந்தார்கள். பன்னிரண்டு முழம்தான் இருந்தது. ஒச்சப்பன் சடையாண்டியின் பக்கம் திரும்பினார்.

"எட்டு முழத்தை எங்கடா விட்ட?"

"நான் கண்ணுகூடச் சிமிட்டல நாட்டாமை. வெயில் ஏறுதுல்ல, காஞ்சு சுருங்குது," என்றான் சடையாண்டி.

கொண்டையன் முன்னால் வந்தான். அந்த ஊரில் படித்தவன் அவன் ஒருவன்தான். ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய்ந்திருக்கிறான். "வெத்தலை வாடாம இருக்க என்ன செய்வோம்? ஈரத்துணி போட்டு மூடுவோம். நிழலுக்கும் அதான்," என்றான்.

மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிச் சாக்குகளை நனைத்து நிழலை மூடினார்கள். நிழல் சாக்குக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது.

"உள்ள மூச்சு முட்டியிருக்கும்," என்றான் சடையாண்டி.

"அப்ப வெயிலே படாம பாத்துக்குவோம்," என்றான் கொண்டையன்.

பனையோலையால் பந்தல் போட்டார்கள். போட்டதும் நிழலைக் காணோம். ஒச்சப்பன் குனிந்து பார்த்துவிட்டு, "தூங்குது. சத்தம் போடாதீங்க," என்றார். உச்சி வேளை வரை ஊரே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது.

உச்சிக்குப் பந்தலைப் பிரித்தார்கள். கம்பு நின்றது. நிழல் மருந்துக்கும் இல்லை.

எனக்கு இந்த இடத்தில் உண்மையாகவே மனசு ஆறவில்லை. அன்றைக்குச் சூரியன் அந்த ஊருக்கு நேர் தலைக்கு மேல். நிழல் இல்லை என்பதுதான் சரியான விடை. வெறுங்கயிற்றை அனுப்பியிருந்தாலே பூமியின் அளவு கிடைத்திருக்கும். ஆனால் பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து, "ஏரி போச்சே," என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த அழுகையை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஒச்சப்பன் அதைப் பொறுக்காமல் சபையைக் கூட்டினார். "காலையில நம்ம கையில இருந்தது இருபது முழம். திருட்டுப் போனா அளவு மாறிருமா? கொண்டையா, உன் ஆடு காணாமப் போச்சே, அதுக்கு எத்தனை காலு?"

"நாலு."

"காணாமப் போன பிறகு?"

"அப்பவும் நாலுதான் நாட்டாமை."

இருபது முழத்தில் முடிச்சுப் போட்டு அனுப்பினார்கள்.

கணிதரின் கணக்கில் இம்மியளவும் பிசகில்லை. பத்து நாள் நடைக்குள் நிழல் இவ்வளவு மாறினால் உருண்டை சின்னதுதான் என்று முடிச்சுப்படி கணக்குப் போட்டு, பூமியைச் சுற்றிவர ஐம்பது நாள் நடை போதும் என்று அறிவித்தார். உலகத்தில் இவ்வளவு பெரிய பங்கு தன்னுடையதா என்று ராஜா பூரித்துப்போனார். சொன்ன வாக்குத் தவறாமல் மண்வெட்டியோடு ஆயிரம் ஆட்களை அனுப்பினார்.

இடுப்பளவு பள்ளம் வெட்டும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. அப்போது கொண்டையன் ஓடி வந்தான். "நிறுத்துங்க. பூமி இம்புட்டுச் சின்னதுன்னு நாமதான கண்டுபிடிச்சோம்? இன்னும் வெட்டினா அந்தப் பக்கம் ஓட்டை விழுந்துரும். தண்ணியெல்லாம் ஒழுகிரும்."

"அங்க எவ தலையிலயாவது கொட்டினா அவ சும்மா விடுவாளா?" என்றாள் பேச்சியம்மாள்.

ஒச்சப்பன் நெடுநேரம் யோசித்தார். "ஏரிய மேல கட்டுங்க," என்றார். வந்த ஆட்களுக்கு வெட்டினால் என்ன, குவித்தால் என்ன? பள்ளத்தைத் தூர்த்து, அதன்மேல் பனை உயரத்துக்கு மண்ணைக் குவித்து, உச்சியில் கரை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வெறுங்காட்டூர்ப் பெண்கள் விடிவதற்குள் கிளம்பி, அரைக் காதம் நடந்து தண்ணீர் எடுத்து வந்து, மேடேறி ஏரியில் ஊற்றுகிறார்கள். பிறகு அதே குடத்தில் மொண்டுகொண்டு இறங்குகிறார்கள். சொந்த ஏரித் தண்ணீரின் ருசியே தனி என்கிறாள் பேச்சியம்மாள்.