தாளாளர் சொன்ன இட்லிக் கணக்கு

உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த பூங்கோதை டீச்சர், இயற்கணிதத்தைப் பேச்சில்தான் தொடங்குவார். பிள்ளைகள் கணக்கை வாயால் சொல்வார்கள். அதன் பிறகுதான் பலகையில் எக்ஸ் வரும்.

சத்தம் கேட்டு ஒருநாள் தாளாளர் திருவேங்கடம் உள்ளே நுழைந்தார்.

"இது வகுப்பா, சந்தையா? எந்த வாத்தியாராலும் எனக்கு இந்த எக்ஸைப் புரியவைக்க முடியலை. மணி அடிக்கிறதுக்குள்ள நீங்க புரியவைங்க. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

பிள்ளைகள் பயந்துபோனார்கள். டீச்சர் சிரித்தார்.

"சரிங்க ஐயா. ஆண்டு விழாவுக்கு எத்தனை இட்லி சொல்லியிருக்கீங்க?"

"எத்தனை பேர் வருவாங்கன்னே தெரியாது. எவ்வளவு பேர் வந்தாலும் ஆளுக்கு மூணு, அதோட சமையல்காரங்களுக்கு இருபது. இதுகூடவா தெரியாது?"

டீச்சர் பலகையில் 3x + 20 என்று எழுதினார்.

"வரப்போற ஆளுங்கதான் ஐயா எக்ஸ். நான் எதுவுமே சொல்லித்தரலை. நீங்களே சொல்லிட்டீங்க."

வகுப்பே கைதட்டியது. மணி அடித்தும் தாளாளர் நகரவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"முந்நூற்றெண்பது இட்லிக்குத்தான் மாவு இருக்குன்னா, எத்தனை பேரைக் கூப்பிடலாம்? அதையும் போடுங்க டீச்சர்."

டீச்சர் சாக்பீஸை நீட்டினார்.

"நீங்களே போடுங்க ஐயா."